நகை மெருகுக் கருவிகள்

நகை மெருகுக் கருவிகள் என்பவை, அடித்தோ வார்த்தோ பற்றவைத்தோ உருவாக்கிய நகையின் மேற்பரப்பைச் சமன்செய்து, கீறல்களை நீக்கி, பளபளப்பு ஏற்றப் பயன்படும் கருவிகளாகும். அரம், உப்புத்தாள், மெருகுக்கோல், பித்தளைத் தூரிகை, பஃப் மோட்டார், ரப்பர் சக்கரம், உருளைப் பொறி ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. கைவேலை நகையில் மெருகு கடைசிக் கட்டம். பல நாள் உழைப்பு வாங்குபவரின் கண்ணில் படுவது இந்தக் கட்டத்தின் வழியாகத்தான்.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரின் தங்க நகை, சேலத்தின் வெள்ளிக் கொலுசு, நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகை ஆகிய மூன்றும் பெயர்பெற்றவை. மூன்றும் வெவ்வேறு வகை மெருகைக் கேட்பவை. பெரிய நகரங்களில் மெருகு போடுவதற்கென்றே தனிப் பட்டறைகள் உண்டு. நெய்வேலியை அடுத்த வடக்குத்து போன்ற சிற்றூர்களில் ஒருவரே உருக்கி, அடித்து, ஊதி, மெருகும் போட வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவருக்கு எந்தக் கருவியில் பணம் போடுவது என்பது பெரிய கேள்வி.

விரைவாக மின்னவைப்பதே நல்ல கருவி என்று தோன்றும். நகையில் அது பாதி உண்மைதான். மெருகு போடும்போது எவ்வளவு உலோகம் போகிறது, போனதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது, கல்லுக்கும் வேலை செய்பவரின் நுரையீரலுக்கும் என்ன ஆகிறது என்பவையும் சேர்ந்தே கருவியின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

சொற்கள்

பளபளப்பு ஏற்றுவதற்கு மெருகிடுதல், ஒப்பமிடுதல் என்ற சொற்கள் தமிழில் உள்ளன. பட்டறைப் பேச்சில் ‘மெருகு போடுதல்’, ‘பாலிஷ் போடுதல்’ என்பார்கள். அரத்தால் தேய்ப்பது அராவுதல்; அதில் உதிரும் தூள் அராப்பொடி. இரு துண்டுகளை இணைக்கும் பற்றுப்பொடியை வெண்காரத்துடன் இட்டு, ஊதுகுழலால் தீயூதிப் பற்றவைப்பது ‘பொடி வைத்து ஊதுதல்’.

நகை வாங்குவோர் அறிந்த சொல் சேதாரம். நகை செய்யும்போது வீணாகும் தங்கம் என்பது அதன் பொருள். இன்றைய கடைச் சீட்டில் சேதாரம் ஒரு விழுக்காடாக எழுதப்படுகிறது. பட்டறையில் அது உண்மையான தூள். அராவும்போதும் மெருகு போடும்போதும் உதிர்வது அதில் பெரும்பங்கு.

வரலாறு

தங்கத்தை எடை பார்த்துக் கொடுத்து, எடை பார்த்து வாங்கும் வழக்கம் பழமையானது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட நகைகளைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்ற அளவுகளில் பட்டியலிடுகின்றன. நிறுத்த எடைக்கல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர். கற்களின் எண்ணிக்கையோடு, நகையின் உள்ளே இருக்கும் அரக்கும் எடைக் கணக்கில் குறிக்கப்படுகிறது.

பொற்கொல்லரின் கருவி ஒன்று கடல் கடந்தும் கிடைத்துள்ளது. தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் உள்ள குவான் லூக் பாட் என்ற இடத்தில், தமிழ் பிராமி எழுத்து பொறித்த உரைகல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ‘பெரும்பதன் கல்’ என்று படிக்கப்படும் அது, பெரும்பதன் என்ற பொற்கொல்லருக்குரிய கல் என்று கருதப்படுகிறது. காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு.

மின்சாரம் வருவதற்கு முன் மெருகு முழுவதும் கைவேலைதான். அரம், கரித்தூள், செங்கல் தூள், புளி, பூந்திக்கொட்டை, வழவழப்பான கல் ஆகியவையே கருவிகளும் பொருள்களும். இவற்றில் சில இன்றும் வழக்கில் உள்ளன. பழக்கத்தால் மட்டும் அவை நிலைக்கவில்லை. சில வேலைகளுக்கு இன்றும் அவையே பொருத்தமானவை.

மேற்பரப்பு மின்னுவது எப்படி

உலோகத்தின் மேல் உள்ள மேடுபள்ளங்கள் ஒளியைப் பல திசைகளில் சிதறடிக்கின்றன. அதனால் மங்கலாகத் தெரிகிறது. மேடுபள்ளம் குறையக் குறைய ஒளி ஒரே திசையில் திரும்பி, மேற்பரப்பு கண்ணாடிபோல ஆகிறது. மேடுபள்ளத்தைக் குறைக்க மூன்று வழிகள் உள்ளன.

1. சீவுதல்: மேடுகளைச் சீவி எடுத்துப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருதல். அரம், உப்புத்தாள், ரப்பர் சக்கரம், பஃப் ஆகியவை இவ்வகை.
2. அழுத்துதல்: மேடுகளை அழுத்திப் பள்ளத்துக்குள் தள்ளுதல். மெருகுக்கோல், எஃகுக் குண்டு போட்ட உருளைப் பொறி ஆகியவை இவ்வகை.
3. கரைத்தல்: மேடுகளை வேதிக் கரைசலிலோ மின்னோட்டத்திலோ கரைத்தல்.

முதல் வழியிலும் மூன்றாம் வழியிலும் எடை குறைகிறது. இரண்டாம் வழியில் எடை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மேற்பரப்பு இறுகிக் கெட்டிப்படுவதால், அன்றாடம் அணியும்போது கீறலும் சற்றுக் குறைகிறது. ஆனால் ஆழமான அரத் தடத்தையும் பற்றுப்பொடிக் கட்டியையும் அழுத்தி மறைக்க முடியாது. ஆகவே நல்ல பட்டறையில் சீவும் கருவிகளும் அழுத்தும் கருவிகளும் சேர்ந்தே இருக்கும்.

சேதாரக் கணக்கு

மெருகில் போகும் தங்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய படலம். அதன் எடையை ஒரு கணக்கால் விளக்கலாம்.

2 பவுன், அதாவது 16 கிராம் எடையுள்ள 22 காரட் வளையல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 22 காரட் தங்கத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 17.7 கிராம். வளையல் உருண்டைக் கம்பியால் ஆனது, சுற்றளவு 19.5 செ.மீ. என்றால், கம்பியின் விட்டம் சுமார் 2.4 மி.மீ. வரும். மேற்பரப்பு சுமார் 15 சதுர செ.மீ.

அந்த மேற்பரப்பு முழுவதிலும் 25 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு சீவப்பட்டால், போகும் தங்கம் சுமார் 0.66 கிராம். அது நகையின் எடையில் 4 விழுக்காடு. 5 மைக்ரான் மட்டும் சீவினால் போவது 0.13 கிராம்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. ஒரு கீறலை நீக்க, அந்தக் கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள உலோகம் முழுவதையும் சீவ வேண்டும். தேவைக்கு மேல் முரடான அரத்தை ஒருமுறை இழுத்தால், அந்தத் தடத்தை அழிக்கப் பின்னால் வரும் ஒவ்வொரு கருவியும் கூடுதல் தங்கத்தைத் தின்னும். மெருகில் சேதாரம் குறைய வேண்டுமானால் முதல் கீறலே ஆழம் குறைந்ததாக இருக்க வேண்டும். பொடி வைத்து ஊதும்போது பொடியை அளவாக வைப்பதும் மெருகு வேலையின் ஒரு பகுதியே. வழிந்து உறைந்த பொடியை அராவுவதில்தான் நேரமும் தங்கமும் அதிகம் போகின்றன.

உதிர்ந்தது எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. அராப்பொடி தூய்மையான உலோகத் தூள். தோல் விரிப்பிலோ இழுப்பறையிலோ பிடித்துக் காந்தத்தால் இரும்பை நீக்கிவிட்டு உருக்கலாம். உப்புத்தாளை எரித்துச் சாம்பலிலிருந்து எடுக்க வேண்டும். பஃப் தூசியில் தங்கத்தோடு மெழுகும் பஞ்சிழையும் கலந்திருக்கும். அதை எரித்துச் சுத்திகரிக்க வேண்டும். காற்றில் பறந்தது திரும்பாது. நகைத் தெருக்களின் மண்ணையும் சாக்கடை வண்டலையும் அரித்துத் தங்கம் எடுப்பவர்கள் இருப்பதே, பட்டறையிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்பதற்குச் சான்று.

சீவும் கருவிகள்

அரம்

நகை வேலைக்கு இரண்டு அளவு அரங்கள் தேவைப்படுகின்றன. ஒன்று உள்ளங்கை நீளமுள்ள சாதாரண அரம். மற்றது ஊசி அரம். தட்டை, அரைவட்டம், வட்டம், முக்கோணம், சதுரம், கத்தி முனை என வடிவங்கள் பல. அரைவட்ட அரம் ஒன்றே மோதிரத்தின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் பார்த்துக்கொள்ளும்.

சுவிட்சர்லாந்து முறையில் பல்லின் நெருக்கத்தை எண்ணால் குறிப்பார்கள். 00 மிக முரடு. 6 மிக நயம். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் 2ஆம் எண்ணும் 4ஆம் எண்ணும் பெரும்பாலான வேலைக்குப் போதும். பத்து மலிவான அரங்களைவிட, பல் ஒரே சீராக வெட்டப்பட்ட 4ஆம் எண் அரைவட்ட ஊசி அரம் ஒன்று அதிகப் பயன் தரும். மலிவான அரத்தில் சில பற்கள் மற்றவற்றைவிட உயரமாக இருக்கும். அவைதான் ஆழமான தடங்களைப் போடுகின்றன.

அரம் முன்னே தள்ளும்போது மட்டுமே வெட்டும். பின்னே இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும். பற்களில் தூள் அடைத்தால் அது நகையைக் கீறும்; சுண்ணக்கட்டியை அரத்தில் தேய்த்துவிட்டு வேலை செய்தால் அடைப்பு குறையும். ஈயத்துக்கோ அலுமினியத்துக்கோ பயன்படுத்திய அரத்தைத் தங்கத்தில் வைக்கக் கூடாது. ஒட்டிய ஈயத் துகள் அடுத்த முறை ஊதும்போது தங்கத்தை அரித்துக் குழி போடும்.

உப்புத்தாள்

உப்புத்தாளின் எண் கூடக் கூட மணல் பொடியாகும். ஐரோப்பிய அளவீட்டில் சராசரி மணல் அளவு வருமாறு:

220 எண்: 68 மைக்ரான்
400 எண்: 35 மைக்ரான்
600 எண்: சுமார் 26 மைக்ரான்
800 எண்: சுமார் 22 மைக்ரான்
1200 எண்: சுமார் 15 மைக்ரான்
2000 எண்: சுமார் 10 மைக்ரான்

நல்ல அரவேலைக்குப் பின் 400இல் தொடங்கி 600, 800, 1200 என்று போவது வழக்கம். ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய திசைக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். பழைய திசைக் கோடுகள் முழுவதும் மறைந்தால்தான் அடுத்த எண்ணுக்குப் போகலாம். எண்ணைத் தாவினால் பளபளப்புக்கு அடியில் கோடுகள் தங்கிவிடும். வெளிச்சத்தில் திருப்பினால் தெரியும். தாளைத் தட்டையான மரக்கட்டையில் ஒட்டித் தேய்த்தால் முனைகள் மழுங்காமல் கூராக நிற்கும்.

ரப்பர் சக்கரமும் தூரிகை வட்டும்

வளையும் தண்டுடன் தொங்கும் மோட்டார் நகைப் பட்டறையின் நிலையான கருவியாகிவிட்டது. அமெரிக்க நிறுவனமான ஃபோர்டம் செய்யும் இவ்வகை மோட்டாரின் வழக்கமான மாதிரி 1/6 குதிரைத்திறனும் நிமிடத்துக்கு 18,000 சுற்றும் கொண்டது. காலால் மிதித்து வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். இதில் பொருத்தும் முனைகளின் காம்பு பெரும்பாலும் 2.35 மி.மீ. விட்டமுடையது.

இந்த மோட்டாருக்கான ரப்பர் அல்லது சிலிக்கான் சக்கரங்களில் தேய்க்கும் மணல் உள்ளேயே கலந்திருக்கும். சோப்போ பசையோ தேவையில்லை. ஒவ்வொரு நிறமும் ஒரு முரட்டுத்தன்மையைக் குறிக்கும். நிறக் குறி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் வாங்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டும்.

3எம் நிறுவனத்தின் இழைத் தூரிகை வட்டு இன்னொரு நல்ல கருவி. சூரியக் கதிர்போல நெகிழும் இழைகள் கொண்ட மெல்லிய வட்டுகள் அவை. மஞ்சள் 80, வெள்ளை 120, சிவப்பு 220, நீலம் 400 எண்ணுக்கு இணை. அதற்கு மேல் 6 மைக்ரான், 1 மைக்ரான் வட்டுகளும் உண்டு. இழைகள் வளைந்து கொடுப்பதால் பூ வேலையின் இடுக்குகளுக்குள் நுழையும்; விளிம்பை அதிகம் தின்னாது. கையால் அடித்த சித்திர வேலை உள்ள நகைக்கு இவை கெட்டியான சக்கரத்தைவிட ஏற்றவை.

பஃப்

பருத்தித் துணியை அடுக்கித் தைத்த சக்கரமே பஃப். அதில் மெருகுச் சோப்பைத் தடவி மோட்டாரில் சுற்றவிடுவார்கள். கீறல் எடுக்க டிரிப்போலி என்ற பழுப்புக் கட்டியும், கடைசிப் பளபளப்புக்கு ரூஜ் என்ற சிவப்புக் கட்டியும் பயன்படுகின்றன. ரூஜ் என்பது மிகப் பொடியான இரும்பு ஆக்சைடு. ஒரு பஃபில் ஒரே கட்டியைத்தான் தடவ வேண்டும். இரண்டுக்கும் இடையே நகையை நன்றாகக் கழுவாவிட்டால், முந்தைய கட்டியின் முரட்டுத் துகள் அடுத்த பஃபையும் கெடுத்துவிடும்.

பஃபின் வேலைத்திறன் மோட்டாரின் சுற்றை மட்டும் பொறுத்ததல்ல, விட்டத்தையும் பொறுத்தது. நிமிடத்துக்கு 2,800 சுற்றில் 150 மி.மீ. பஃபின் விளிம்பு ஏறக்குறைய 1,320 மீட்டர் ஓடும். 75 மி.மீ. பஃப் அதில் பாதி. தொங்கு மோட்டாரில் 22 மி.மீ. சக்கரத்தை 10,000 சுற்றில் ஓட்டினால் ஏறக்குறைய 690 மீட்டர். அதாவது 75 மி.மீ. பஃபின் வேகத்துக்குச் சமம். சிறு நகை மட்டும் செய்யும் பட்டறைக்குப் பெரிய பஃப் மோட்டார் கட்டாயமில்லை என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

பஃப் விரைவானது. ஆனால் முனைகளை உருட்டிவிடும், நுணுக்கமான கோடுகளை மழுக்கும், தூசியைப் பறக்கவிடும். முத்திரையையும் அழிக்கக்கூடும். தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. நகையில் லேசரால் பொறிக்கப்படும் ஆறு இடக் குறியீடு ஆழமற்றது. பழைய நகைக்கு மறுமெருகு போடும்போது அந்த இடத்தில் பஃபை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அழுத்தும் கருவிகள்

மெருகுக்கோல்

வழவழப்பான அகேட் கல்லையோ எஃகையோ கைப்பிடியில் பொருத்திய கோல் இது. சோப்பு நீரிலோ பூந்திக்கொட்டை நீரிலோ நனைத்து, அழுத்தி முன்னும் பின்னும் ஓட்டினால் உலோகம் கண்ணாடிபோல மின்னும். தங்கம், வெள்ளி ஆகியவற்றின் கடினம் மோஸ் அளவீட்டில் 2.5 முதல் 3 வரை; அகேட்டின் கடினம் 6.5 முதல் 7 வரை. அதனால் கல் தேயாமல் உலோகம் மட்டும் படிகிறது. எஃகுக் கோலாக இருந்தால் அதன் முனையை முதலில் கண்ணாடிபோல மெருகேற்றி வைத்திருக்க வேண்டும். கோலில் உள்ள கீறல் அப்படியே நகையில் பதியும்.

இதன் அருமையை வடசேரிக் கோயில் நகையில் பார்க்கலாம். பரதநாட்டியக் கலைஞர்கள் அணியும் இந்த நகை, நாகர்கோவில் கோயில் நகை என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. மரபு முறையில் வெள்ளியால் உருவம் செய்து, அரக்கு நிரப்பி, கெம்புக் கற்களைப் பதித்து, தங்க ரேக்கைப் போர்த்துவார்கள். மேலே இருப்பது மிக மெல்லிய தங்கம். பஃப் சக்கரம் சீவும் சில மைக்ரான்களே ரேக்கைக் கிழித்து அடியில் உள்ள வெள்ளியைக் காட்டிவிடப் போதும். சக்கரத்தின் உராய்வுச் சூட்டில் அரக்கும் இளகும். உலோகத்தை எடுக்காமல், சூடாக்காமல், கல்லின் விளிம்புவரை சென்று அழுத்தும் கைக்கருவியே அங்கு சரியான கருவி. விலையும் சொற்பம்.

பித்தளைத் தூரிகையும் பூந்திக்கொட்டையும்

ஊதி முடித்த நகையை நீர்த்த கந்தக அமிலத்திலோ புளிக்கரைசலிலோ இட்டு ஆக்சைடு படலத்தை நீக்குவார்கள். பிறகு பூந்திக்கொட்டை ஊறிய நீரில், மெல்லிய பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பார்கள். பூந்திக்கொட்டையில் உள்ள சபோனின் என்ற பொருள் நுரைத்து, அழுக்கைப் பிரித்து, கம்பி வழுக்கிச் செல்ல உதவுகிறது. நீரில்லாமல் தேய்த்தால் பித்தளை நிறம் நகையில் ஒட்டும். இந்த முறையில் கண்ணாடிப் பளபளப்பு வராது. பட்டுப்போன்ற மென்மையான மின்னல் வரும். பழைய நகைகளில் நாம் விரும்பும் ஒளி பெரும்பாலும் இதுதான்.

உருளைப் பொறியும் காந்த ஊசிப் பொறியும்

உருளைப் பொறி என்பது மெல்லச் சுழலும் ரப்பர் பீப்பாய். அதில் எஃகுக் குண்டுகளும் சோப்பு நீரும் போட்டு நகைகளை இட்டுச் சில மணிநேரம் ஓடவிட வேண்டும். ஆயிரக்கணக்கான சிறு மெருகுக்கோல்கள் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்துவதற்கு இது சமம். எடை குறைவதில்லை, தூசி இல்லை, ஆள் அருகில் நிற்க வேண்டியதில்லை. காந்த ஊசிப் பொறியில் மெல்லிய எஃகு ஊசிகள் காந்தப் புலத்தில் துள்ளி இடுக்குகளுக்குள் நுழையும். நிமிடக் கணக்கில் வேலை முடிந்துவிடும்.

கண்ணி கண்ணியாகக் கோத்த நகைக்கு இவை பெரிய வரம். சேலம் செவ்வாய்ப்பேட்டையும் சுற்றுப் பகுதிகளும் வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்போனவை. கொலுசில் அரம் நுழையாத கண்ணிகளும் சலங்கைகளும் நிறைய. சங்கிலியைப் பஃபில் பிடிப்பது ஆபத்தும்கூட. உருளைப் பொறி அந்த இரண்டு சிக்கல்களையும் ஒன்றாகத் தீர்க்கிறது. ஆனால் முத்து, பவளம், அரக்கு வைத்த கல் ஆகியவை உள்ள நகையை இதில் போடக் கூடாது. ஆழமான அரத் தடம் இருந்தால், தடமும் சேர்ந்து பளபளக்குமே தவிர மறையாது.

கரைக்கும் முறைகள்

மின்மெருகு முறையில் நகையை நேர்முனையாகக் கரைசலில் தொங்கவிட்டு மின்னோட்டம் செலுத்துவார்கள். மேடுகள் பள்ளங்களைவிட விரைவாகக் கரையும். கருவி எட்டாத உட்பகுதிகளும் ஒளிபெறும். கரைந்த தங்கம் கரைசலில் சேர்வதால் அதைத் தனியாக மீட்க வேண்டும்.

சயனைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து நொடியில் மின்னவைக்கும் முறை சில இடங்களில் உண்டு. சிறு பட்டறைக்கு இது எவ்வகையிலும் ஏற்றதல்ல. சயனைடில் அமிலம் சேர்ந்தால் உயிரைக் கொல்லும் வாயு வெளிவரும். ஊதிய நகையைக் கழுவ எல்லாப் பட்டறையிலும் அமிலம் இருக்கிறது என்பதை நினைத்தால் ஆபத்தின் அளவு புரியும். தையோயூரியா கலந்த சயனைடு இல்லாத கரைசல்களும் கிடைக்கின்றன. அவற்றுக்கும் கையுறையும் நல்ல காற்றோட்டமும் தேவை.

வெட்டும்போதே வரும் மெருகு

சில நகைகளில் மெருகு தனி வேலையாக இருப்பதில்லை. முனையைக் கண்ணாடிபோலத் தீட்டிய உளியால் தங்கத்தைச் சீவினால், வெட்டுமுகம் அப்போதே மின்னும். கடைகளில் ‘டைமண்ட் கட்’ என்று சொல்லும் பட்டைகள் வைர முனையால் இப்படி வெட்டப்படுபவை. இந்த முகங்களின் மேல் பிறகு பஃப் வைத்தால் கூர்மை போய், மின்னல் குறைந்துவிடும். எனவே பட்டை வெட்டு எப்போதும் கடைசி வேலை.

நகைக்கேற்ற கருவி

மழமழப்பான மோதிரம், வளையல்: 4ஆம் எண் அரம், 400 முதல் 1200 வரை உப்புத்தாள், பிறகு ரூஜ் தடவிய சிறு பஃப்.

சங்கிலி, கொலுசு: அமிலக் கழுவல், பித்தளைத் தூரிகை, உருளைப் பொறி.

பூ வேலை, உருவ வேலை: இழைத் தூரிகை வட்டு, மேடான இடங்களில் மட்டும் மெருகுக்கோல்.

கெம்பு, அரக்கு வேலை: மெருகுக்கோலும் ஈரத் துணியும். வெந்நீரும் அதிர்வொலிக் கழுவும் பொறியும் ஆகாது.

சிறு துளை, ஜாலி வேலை: நூலில் மெருகுப் பசை தடவித் துளைக்குள் கோத்து இழுத்தல், பல்குச்சியைத் தொங்கு மோட்டாரில் பொருத்திப் பசையுடன் ஓட்டுதல்.

92.5 வெள்ளி: சூடாக்கும்போது மேற்பரப்புக்கு அடியில் செம்பு ஆக்சைடு கறையாகப் படியும். மெருகுக்குப் பின் சாம்பல் நிறத் திட்டாகத் தெரியும் இதைப் பஃப் மறைக்காது. ஊதும் முன்பே வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த பூச்சு கொடுப்பது நல்லது.

உடல்நலமும் பாதுகாப்பும்

மெருகு வேலையின் பெரிய ஆபத்து தூசி. டிரிப்போலிக் கட்டியில் சிலிக்கா உண்டு. பொடியான சிலிக்காவைப் பல ஆண்டுகள் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறிச் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும்; அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. குஜராத்தின் காம்பாத் நகரில் அகேட் கல்லைத் தீட்டும் தொழிலாளர்களிடையே இந்நோய் பரவலாக இருப்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. வழவழப்பான மெருகுக்கோலைப் பயன்படுத்துவதில் அந்த ஆபத்து இல்லை. கல்லைத் தீட்டுவதில்தான் உள்ளது. கோலை மறுபடி தீட்ட நேர்ந்தால் ஈரமாகவே தீட்ட வேண்டும்.

பஃபுக்குப் பின்னால் தூசி உறிஞ்சும் விசிறியும் வடிகட்டியும் வைத்தால் இரண்டு நன்மைகள். நுரையீரல் தப்பும், பறந்துபோகும் தங்கமும் வடிகட்டியில் சிக்கும். கண்ணாடியும் என்95 தரத்து முகக்கவசமும் அவசியம். சுழலும் பஃபின் அருகில் துணிக் கையுறை, தொங்கும் துப்பட்டா, சேலைத் தலைப்பு, அவிழ்ந்த முடி எதுவும் கூடாது. நகையைப் பஃபின் நடுமட்டத்துக்குக் கீழே, சக்கரம் கீழ்நோக்கி ஓடும் பக்கத்தில் பிடிக்க வேண்டும். பிடி நழுவினால் நகை தரையை நோக்கிப் போகும்; முகத்தை நோக்கி வராது.

வாங்கும் வரிசை

ஒரு பட்டறைக்கு எல்லாக் கருவிகளையும் ஒரே நாளில் வாங்க முடியாது. சேதாரத்தையும் உடல்நலத்தையும் வைத்துப் பார்த்தால் வரிசை இப்படி அமையும்.

1. சீரான பல் கொண்ட 2ஆம், 4ஆம் எண் அரங்கள். முழு வரிசை உப்புத்தாள். அராப்பொடி பிடிக்கும் விரிப்பு.
2. மெருகுக்கோல் ஒன்று, பித்தளைத் தூரிகை ஒன்று, முகக்கவசம், கண்ணாடி.
3. கால்மிதி வைத்த தொங்கு மோட்டார்; ரப்பர் சக்கரங்கள், இழைத் தூரிகை வட்டுகள்.
4. சங்கிலி, கொலுசு வேலை அதிகமானால் சிறு உருளைப் பொறி.
5. பெரிய பஃப் மோட்டார், அதுவும் தூசி உறிஞ்சியுடன் மட்டும்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பஃப் மோட்டாரை வாங்கி, மோசமான அரத்தின் தடங்களை அதைக் கொண்டு அழிக்கப் பார்க்கிறார்கள். தங்கம் போவது அங்கேதான். புதிய கருவியின் பயனை அறிய எளிய வழி உண்டு: ஒரே மாதிரியான இரண்டு நகைகளில் ஒன்றைப் பழைய கருவியிலும் மற்றதைப் புதிய கருவியிலும் முடித்து, மெருகுக்கு முன்னும் பின்னும் நிறுத்து, எடுத்த நேரத்தையும் எழுதிவைக்க வேண்டும். மில்லிகிராம் காட்டும் தராசு இதற்கு வேண்டும்.

பயிற்சியும் அரசு உதவியும்

தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான தேசியப் பாடத்திட்டத்தில் பொற்கொல்லர் தொழில் ஒரு பிரிவாக உள்ளது. ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமரின் விசுவகர்மா திட்டத்தில் அடங்கும் 18 தொழில்களில் பொற்கொல்லர் தொழிலும் ஒன்று. கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவி அதில் உண்டு. அத்திட்டத்தை அப்போதைய வடிவில் செயல்படுத்துவதில்லை என்று 2024இல் அறிவித்த தமிழ்நாடு அரசு, 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. இது 25 வகைக் கைத்தொழில்களுக்கானது. 3 இலட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் வழங்குகிறது. விண்ணப்பிப்போர் மாவட்டத் தொழில் மையத்தை அணுகி நடப்பு விதிகளைக் கேட்டறியலாம்.

மேலே சொன்ன வரிசையில் முதல் இரண்டு படிகளுக்கு இந்த உதவிகூடத் தேவைப்படாது. தூசி உறிஞ்சி, உருளைப் பொறி, தொங்கு மோட்டார் போன்ற விலை கூடிய கருவிகளுக்குத்தான் கடனும் மானியமும் பயன்படும்.